“சலம் போனதோ ஐயா?”

வணக்கம். சத்திரசிகிச்சை விடுதியில் பல வருடம் தாதியாக நின்றவள் நான். இன்றைக்குப் பேசப்போவது, ஆட்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு விஷயம்: நாரியில் விறைப்பூசி போட்டபிறகு சலம், அதாவது சிறுநீர், போகாமல் அடைபடுவது.

மல்லாவிப் பக்கத்து ஐயா ஒருவர். காலையில் நாரியில் விறைப்பூசி போட்டுக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை. பின்னேரம் கால் நன்றாக அசைந்தது, தேத்தண்ணீரும் குடித்தார். “சலம் போனதோ ஐயா?” என்று கேட்டேன். “ஓம் பிள்ளை, போனது” என்றார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். இரவு பத்து மணிக்கு ஓட்டோவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடிவயிறு கல்லு மாதிரி. குழாய் வைத்ததும் ஒரு லீற்றருக்குக் கிட்ட வந்தது. பகல் முழுக்கப் போகவே இல்லையாம். என்னிடம் சொல்ல வெட்கமாம். அவர் பட்ட வேதனை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த ஊசி கால் நரம்பை மட்டும் விறைக்க வைப்பதில்லை, சலப்பையின் நரம்பையும் சேர்த்துத்தான். கால் முதலில் விழித்துவிடும், சலப்பை பிந்தித்தான் விழிக்கும். சில மருந்துகளுக்கு 6 முதல் 8 மணித்தியாலம்கூட ஆகலாம். அதுவரை சேலைன் இறங்கிக்கொண்டிருக்கும், பை நிரம்பும், ஆனால் முட்டுவது தெரியாது. 600 மில்லிலீற்றரைத் தாண்டி இழுபட்டால் தசை களைத்துப்போகலாம். பிறகு விறைப்பு விட்டாலும் சலம் போகாமல் இருக்கலாம். குடலிறக்கம், மூலம் வெட்டியவர்களும், ஏற்கெனவே சலம் மெல்ல மெல்லப் போகிற வயதான ஆண்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இதற்கு வீட்டில் செய்கிற பெரிய பிழை, “தண்ணியைக் குடியப்பா, தன்பாட்டில் போகும்” என்று செம்பு செம்பாகக் கொடுப்பது. அடைபட்ட குளத்துக்கு இன்னும் தண்ணீர் விடுவது போலத்தான் அது. கால் முழுக்க விட்டபிறகு, ஒருவர் பிடித்துக்கொள்ள எழும்பி நின்று பாருங்கள். பைப்பைத் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்கவிடுங்கள். சிலருக்கு அது போதும். சொட்டுச் சொட்டாகப் போனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நிரம்பி வழிவதும் அப்படித்தான் இருக்கும்.

சலம் போகுமுன்னரே வீட்டுக்கு விடுகிற வழக்கமும் உண்டு. முன்னே சொன்ன கூடுதல் கவனம் தேவைப்படாத, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது சரி. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர், இரவில் யானை நிற்கிற பாதையால் திரும்பி வரவேண்டும். ஆகவே தூரத்தை வாய்திறந்து சொல்லுங்கள், ஒரு இரவு நிற்கக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு என்றால், ஊசி போட்டு 8 மணித்தியாலமாகியும் போகவில்லை, அல்லது அதற்கு முன்னரே அடிவயிறு வீங்கி நோகிறது என்றால் விடியும்வரை பார்க்காதீர்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஊசி எத்தனை மணிக்குப் போட்டது, கடைசியாக எப்போது சலம் போனது, இந்த இரண்டையும் வந்தவுடன் சொல்லுங்கள்.