குறை பிறக்கும் இடம்

வணக்கம் நேயர்களே. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையோரத்தில் நண்டு, இறால், கருவாடு, உப்பு, கருப்பட்டி என்று ஏதாவது ஒரு பொருளைப் பக்குவப்படுத்தி விற்கிற எல்லோருக்குமான பேச்சு இது. பத்துப் பேர் வேலை செய்கிற ஓலைக் கொட்டகையும் எனக்குத் தொழிற்சாலைதான்.

தரக்கட்டுப்பாட்டு வேலையிலேயே காலம் கழித்தவன் நான். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரு குறையை அது பிறக்கிற இடத்திலேயே பிடித்துவிட்டால் நட்டம் கொஞ்சம். கடைசியில் பிடித்தால், அதுவரை அந்தப் பொருளுக்குப் போட்ட ஐஸ், விறகு, கரண்ட், கூலி எல்லாம் சேர்ந்தே போய்விடும். இதை இன்னும் இரண்டொரு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனி. பெயர் வேண்டாம். நம் கடலில் கிடைக்கிற நீலக்கால் நண்டைக் கரையோரக் கொட்டகையில் வேகவைத்துக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே பெண்கள் உட்கார்ந்து கையால் சதை எடுப்பார்கள். அது டின்னில் அடைபட்டு, சூட்டில் பதப்பட்டு, குளிரிலேயே அமெரிக்கா வரை போகும். ஒரு கிலோ நண்டில் சதை ஏறக்குறையக் கால் கிலோதான் தேறும். அதில் ஓட்டுத்துண்டு ஒன்று கிடந்து சாப்பிடுகிறவர் பல்லில் பட்டால் போதும், புகார் கடல் தாண்டி வந்துவிடும்.

அந்தக் கம்பெனிக்கும் வந்தது. முதலாளி கடைசி மேசையில் செக்கிங்குக்கு ஆள் கூட்டினார். ஓட்டுத்துண்டு பளிச்சென்று தெரிய யு.வி. லைட், அதாவது புற ஊதா விளக்கு, போட்டார். அப்புறம், யார் தட்டில் ஓடு வருகிறதோ அவர் கூலியில் பிடித்தம் என்றார். ஓடு வருவது நிற்கவில்லை. பிடித்தத்துக்குப் பயந்து, ஓட்டோரம் ஒட்டியிருக்கிற சதையைப் பெண்கள் எடுக்காமலே விட ஆரம்பித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சதை கழிவுக் கூடைக்குப் போனது. ஒரு நட்டத்தைத் தடுக்கப் போய் இரண்டு நட்டம்.

நான் போனபோது செக்கிங் மேசைக்குப் போகவில்லை. சதை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஓடு எப்படி அக்கா வருகிறது என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னார்: “நல்லா வெந்த நண்டுன்னா சதை தானா கழண்டு வரும் தம்பி. அரைவேக்காடா வந்தா ஓட்டோட ஒட்டிக்கிட்டு நிக்கும். நோண்டித்தான் எடுக்கணும். நோண்டினா ஓடு உடையத்தானே செய்யும்?”

அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டொயோட்டா கம்பெனியில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் பழக்கிய வழக்கம் ஒன்று உண்டு. குறை வந்தால், ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். நாங்களும் கேட்டோம். ஏன் அரைவேக்காடு? அண்டா நிறைய நண்டைக் கொட்டுவதால் கொதி அடங்கி, நடுவில் கிடப்பது வேகவில்லை. ஏன் அவ்வளவு கொட்டுகிறார்கள்? வள்ளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கரைக்கு வருகின்றன, அண்டாவோ ஒன்றுதான். மிச்சத்தை அடுத்த கொதிக்கு வைக்கக் கூடாதா? கூடாது, வண்டி கிளம்பிவிடும். வண்டிக்கு ஏன் அவ்வளவு அவசரம்? நேரம் குறித்துக் கொடுத்ததே கம்பெனிதான்!

பாருங்கள், வண்டி நேரத்தில் பிறந்த குறைக்கு அந்த அக்காவின் கூலி பிடிபட்டது. இன்னொரு அண்டா, ஓர் அளவுக்கூடை, சுவரில் ஒரு கடிகாரம், வண்டிக்குக் கொஞ்சம் தாமதம். இவ்வளவுதான் செய்தோம். புகார் குறைந்தது. அதே நண்டில் சதையும் கூடுதலாகத் தேறியது. பிடித்தமும் நின்றது.

பரமக்குடியில் உறவுக்காரர்கள் இருந்தால் தறியைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் சக்கிச்சி டொயோடா என்பவரின் தானியங்கித் தறி 1924-ல் வந்தது. நூல் அறுந்தால் அந்தத் தறி தானே நின்றுவிடும். அறுந்த நூலோடு முழம் முழமாகத் துணி ஓடாது. அவர் குடும்பம் பின்னால் டொயோட்டா கார் செய்தபோதும் இதே எண்ணம்தான். வேலையாள் ஒருவர் குறையைக் கண்டால் பக்கத்தில் இருக்கிற எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம், அவசியப்பட்டால் கார் செய்கிற வரிசையே நிற்கும். குறை பிறந்த இடத்திலேயே பிடிப்பது என்று நான் சொன்னது இதைத்தான். நம் கொட்டகைகளில் நிறுத்துகிற உரிமை யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் முதலாளியிடம் மட்டும். அவரோ அந்த நேரத்தில் ஏலக்கூடத்தில் இருப்பார்.

இதெல்லாம் ஜப்பானுக்குத்தான் சரிவரும் என்று நினைக்க வேண்டாம். சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசை 1998-ல் வாங்கியது. இந்தியாவில் முதலில் வாங்கிய கம்பெனி அதுதான். அதற்கு முந்தைய வருடம், 1997-ல், சுகாதாரக் குறையைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன் பொருட்களுக்குத் தடை போட்டது. ஒழுங்காக வேலை செய்தவர்களும் அந்தத் தடையில் சேர்ந்தே மாட்டினார்கள். விலையைக் குறைத்து வியட்நாமோடும் இந்தோனேசியாவோடும் எத்தனை நாள் போட்டி போட முடியும்? கழிவில் போகிற காசை மீட்டால், மீனவருக்குக் கொடுக்கிற விலையில் கைவைக்காமலே நிற்கலாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கருவாட்டுக்கென்று நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மணலில் காயப்போடாதீர்கள். இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிப் பரப்பினால் அடியிலும் காற்றுப் போகும், மணல் ஒட்டாது. உப்பைக் கைக்கணக்கில் போடாமல் மீன் எடைக்கு ஏற்ப நிறுத்துப் போடுங்கள். சரியாகக் காயாததைச் சாக்கில் கட்டினால் பூஞ்சை வந்து பக்கத்து மீனையும் கெடுக்கும், ஆகவே சோதிப்பதைக் கட்டுவதற்கு முன்னால் வையுங்கள், சந்தையில் வேண்டாம். நண்டு ஓட்டிலிருந்து கைட்டின் என்ற பொருளைப் பிரித்து எடுக்கிற தொழிலைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.