ஒரே ஒரு ஸ்பேஸ், தப்பான ஃபைல் காலி! ஷெல் ஸ்கிரிப்ட் டெக்ஸ்ட்டை எப்படி வெட்டுது?

வணக்கம் மக்களே! கமாண்டுகளை வரிசையா எழுதி ஓட்டுற ஃபைல்தான் ஷெல் ஸ்கிரிப்ட். "பழைய கணக்கு"ன்னு ஒரு ஃபைல், பேருக்கு நடுவுல ஸ்பேஸ். பக்கத்துலயே "கணக்கு"ன்னு இன்னொரு ஃபைல். முதல் பேரை எஃப்-ங்கிற வேரியபிள்ல வச்சு, கோட்ஸ் போடாம, ஃபைலை அழிக்கிற கமாண்டை ஆர்எம் டாலர் எஃப்னு ஓட்டுங்க. அழிக்க நினைச்சது அப்படியே இருக்கும், தொடவே கூடாத "கணக்கு" போயிருக்கும்!

கோட்ஸ் இல்லாத வேரியபிளை விரிச்சதும் பாஷ், அதாவது நம்ம கமாண்டை ஓட்டுற ஷெல், அதைத் துண்டு போட்டுரும். எங்க வெட்டணும்னு சொல்றது ஐஎஃப்எஸ்-ங்கிற வேரியபிள், டீஃபால்ட்டா அதுல ஸ்பேஸ், டேப், நியூலைன். டபுள் கோட்ஸ் போட்டா வெட்டாது. அவ்ளோதான்.

இப்ப வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஒரு ஃபைல், ஒவ்வொரு வரியிலயும் பேர், ஊர், போன், நடுவுல கமா. ஐஎஃப்எஸ்-ல கமா வச்சு ரீட் கமாண்டால படிக்கிறோம். ஊர் காலியா இருந்து ரெண்டு கமா ஒட்டி வந்தா, ஊர் காலியாவே வரும், போன் அதோட இடத்துல நிக்கும். சரி, அதே டேட்டாவுல கமாவுக்குப் பதிலா டேப், ஐஎஃப்எஸ்-லயும் டேப் மட்டும். இப்ப ஓட்டுனா போன் நம்பர் போய் ஊர் வேரியபிள்ல உக்காந்துரும்! எரர் இல்ல, வார்னிங் இல்ல, ஸ்கிரிப்ட் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், அதான் பயமே. பக்-னு நினைக்காதீங்க, ஷெல்லுக்கான பொது ஸ்டாண்டர்டு போசிக்ஸ், அதோட விதியே அதுதான். ஸ்பேஸ், டேப், நியூலைன் இந்த மூணும் எத்தனை ஒட்டி வந்தாலும் ஒரே வெட்டு, கமா கோலன் எல்லாம் ஒவ்வொண்ணும் தனி வெட்டு. லினக்ஸ்ல யூசர் லிஸ்ட் இருக்குற எடிசி பாஸ்டபிள்யூடி ஃபைலைப் பாருங்க, 7 ஃபீல்டு, நடுவுல கோலன், அதனால ஒண்ணு காலியா இருந்தாலும் ரீட் தடுமாறாது.

டேப் ஃபைலுக்கு வழி? டிஆர் கமாண்டால டேப்பை ஆஸ்கி 31-ங்கிற கேரக்டரா மாத்திட்டு, ஐஎஃப்எஸ்-லயும் அதையே வைங்க. யூனிட் செபரேட்டர்னு பேர், ஃபீல்டு பிரிக்கவே வச்ச கேரக்டர், யாருமே சீண்டுறதில்ல, பாவம்! இல்லன்னா கட் கமாண்ட் போதும், அது காலி காலமை விழுங்காது. ஆக்-ங்கிற கமாண்டும் ஓகே, ஆனா மைனஸ் எஃப்-ல டேப்னு நீங்கதான் சொல்லணும், சும்மா விட்டா அதுவும் ஒட்டித்தான் எண்ணும்.

கோட்ஸுக்குள்ள கமா வர்ற சிஎஸ்வியா (கமாவால பிரிச்ச ஃபைல்)? ஷெல் வேணாம், பைத்தானுக்குப் போயிருங்க.

உங்க ஸ்கிரிப்ட்ல ஐஎஃப்எஸ் டேப்னு எங்கயாவது இருக்கா? இப்பவே தேடிப் பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க!