யாரிடம் சொன்னோம், யாருக்குத் தெரியும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்வதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, சின்னப் பையனாகத் தான் பார்த்ததை ஒரு தாத்தா சொல்லத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் உடனே, "தாத்தா, இத நேத்தே சொல்லியாச்சு" என்கிறான். தாத்தா பேச்சை நிறுத்திக்கொள்கிறார். அப்புறம் அவர் வேறு எதையும் சொல்லத் தயங்குகிறார். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

பேசுவதற்குச் சொல் தெரிந்தால் மட்டும் போதாது. எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், அவரிடம் எதை ஏற்கனவே சொல்லியிருக்கிறோம் என்ற கணக்கும் மனதுக்குள் ஓட வேண்டும். வடசேரிக்காரரிடம் "மணிமேடை பக்கத்துல" என்றால் முடிந்தது. சென்னையிலிருந்து வந்தவருக்கு எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்குவது என்று தொடங்க வேண்டும். எலன் ஐசக்ஸும் ஹெர்பர்ட் கிளார்க்கும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் நகரக் காட்சிகளின் படங்களைக் கொடுத்து இருவர் இருவராகப் பேசவைத்தார்கள். எதிராளிக்கு அந்த ஊர் பழக்கமா இல்லையா என்பதைச் சில பேச்சுக்குள்ளேயே கண்டுகொண்டு, ஒவ்வொருவரும் அதற்கேற்பத் தங்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

அதே கிளார்க், டீன்னா வில்க்ஸ்-கிப்ஸுடன் சேர்ந்து 1986-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பார்த்தவுடன் எளிதில் பெயர் சொல்ல முடியாத 12 உருவங்கள். ஒருவர் வாயால் விவரிக்க, மற்றவர் அவருடைய வரிசையைப் பார்க்காமலே தன் படங்களை அதேபோல் அடுக்க வேண்டும். முதல் சுற்றில் ஓர் உருவத்தைச் சொல்லச் சராசரியாக 41 சொற்கள் ஆயின. ஆறாவது சுற்றில் 8 சொற்களே போதுமானதாக இருந்தன. இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை உருவாக்கிக்கொண்டார்கள். வெளியாள் கேட்டால் ஒன்றும் புரியாது. வருடக்கணக்காக ஒன்றாக வாழ்ந்த கணவனும் மனைவியும் அரைச் சொல்லில் பேசி முடிப்பது இப்படித்தான்.

சரி, இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது? யாரிடமிருந்து கேட்டோம் என்பது நமக்கு ஓரளவு நினைவிருக்கும். யாரிடம் சொன்னோம் என்பது அவ்வளவாகத் தங்காது. நைஜல் கோப்பியும் காலின் மெக்லியோடும் 2009-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சொல்லும்போது நம் கவனம் நம் பேச்சின் மேலேயே இருக்கிறது, கேட்பவர் முகம் அதோடு சேர்ந்து பதிவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். இளைஞர்களுக்கே இப்படித்தான். முதியவர்களுக்கு இது இன்னும் கடினம் என்று அடுத்த ஆண்டே வந்த ஆய்வு சொன்னது. ஆகவே தாத்தா திரும்பச் சொல்வது பேரனை மதிக்காததால் அல்ல. சம்பவம் அவர் மனதில் பத்திரமாக இருக்கிறது, அதை யாரிடம் சொன்னார் என்பது மட்டும் நழுவிவிட்டது.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது மெலிசா டஃபும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்டது. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி பாதிக்கப்பட்டு, புதிய நிகழ்வுகள் நினைவில் தங்காத நான்கு பேரை, நெருங்கிய ஒருவருடன் சேர்த்து இதேபோன்ற உருவங்களை விவரித்து அடுக்கச் சொன்னார்கள். சுற்றுக்குச் சுற்று அவர்களும் மற்றவர்களைப் போலவே பேச்சைச் சுருக்கி, பொதுப் பெயர்களை உருவாக்கிக்கொண்டார்கள். முதுமையில் வரும் எல்லா மறதியும் இந்தப் பாதிப்பைப் போன்றதல்ல, இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனாலும் பழகிய மனிதர் எதிரே உட்கார்ந்தால் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த நால்வரும் காட்டினார்கள்.

அதனால் பாரத்தில் பாதியைக் கேட்பவர் ஏற்க வேண்டும் என்கிறேன். பாட்டி "அவன் வந்தானா?" என்று மட்டும் கேட்டால், "எவன்? பேரச் சொல்லுங்க" என்று மடக்காதீர்கள். பெயரைத் தேடித் தடுமாறுபவருக்கு அது பரீட்சை. "கொளச்சல் மாமாவையா கேக்கிய?" என்று ஓர் ஊகத்தை எடுத்துக் கொடுங்கள். ஊகம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, "இல்ல, தக்கலைக்காரன்" என்று அவரே பிடித்துக்கொள்வார். கேட்ட கதையே வந்தால், முன்பு கேட்காத இடத்தில் ஒரு கேள்வி போடுங்கள்: "அன்னைக்கு ஒங்க பள்ளிக்கூடம் இருந்துதா தாத்தா?" பழைய கதையில் புதிய பக்கம் திறக்கும்.

நம் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். தொலைபேசியில் முகமும் வீடும் தெரிவதில்லை, பேச்சு மட்டும்தான். அவர்களுக்கும் ஒன்று சொல்வேன். "என்ன விசேஷம்?" என்று கேட்காதீர்கள், அம்மாவுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "அம்மா, மார்த்தாண்டத்துல கண்ணு டாக்டரப் பாக்கப் போறேன்னு போன வாரம் சொன்னியளே, அவரு என்ன சொன்னாரு?" என்று தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.