பில் வீடு மாறிடுச்சு, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், சீரியலை விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கும், பின்வரிசையில தலையைக் குனிஞ்சு போனைப் பாத்துக்கிட்டே என்னையும் கேட்டுக்கிட்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வளரிளம் பிள்ளைகளோட செல்போன் செலவைக் கட்டுக்குள்ள வைக்கிறது பெற்றோரின் கண்டிப்பா, நிறுவனங்களுக்கான கட்டுப்பாடா? இதுதான் தலைப்பு. நான் கட்டுப்பாடுங்கிற கட்சி.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அம்மையார் ரெண்டு குண்டு போட்டுட்டுப் போனாங்க. "இப்ப யாருக்குங்க பில் வருது? எல்லாம் ப்ரீபெய்டு. காசு தீர்ந்தா தானா நின்னுடும்." இது முதல் குண்டு. "அடிச்சு வளர்க்காத பிள்ளையும் ஒடிச்சு வளர்க்காத முருங்கையும் உருப்படாது." இது ரெண்டாவது.

முதல் குண்டுக்கு என் தங்கச்சி வீட்டுக் கதையே போதும். மருமகப்பிள்ளை ஒன்பதாவது படிக்கிறார். மகளிர் குழுத் தவணை கட்டணும்னு தங்கச்சி போன மாசம் பேங்க்குக்குப் போயிருக்கா. பாஸ்புக்கை மெஷின்ல சொருகினா கரகரகரன்னு அடிக்குதாம், நிக்கவே மாட்டேங்குதாம். பக்கம் தீர்ந்து, திருப்பி வைச்சு, மறுபடியும் கரகர. 79, 79, 159, 79, 399. கூட்டிப் பார்த்தா எட்டாயிரத்துச் சொச்சம். என்ன வாங்கினான்னு கேட்டா வைரமாம்! விளையாட்டுக்குள்ள வர்ற வைரம். ஆத்தா கழுத்துல குண்டுமணி தங்கம் இல்ல, மகன் வைர வியாபாரம் பண்ணியிருக்கான்.

"மெசேஜ் வரலையாம்மா?"ன்னு கேட்டேன். "வந்துச்சுண்ணே. லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு நாளைக்கு நாப்பது வருது, எல்லாம் இங்கிலீசு. எதைன்னு பார்க்க?" சரி, பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? "அதை எனக்கு வைச்சுக் குடுத்ததே அவன்தாண்ணே."

அம்மையார் சொல்ற கண்டிப்பு எந்தக் கையில சாவியை வைச்சுக்கிட்டு கண்டிக்கும்? ஆயிரக்கணக்கான வீட்டுல போனை ஆத்தாவுக்குச் சொல்லிக் குடுக்கிற வாத்தியாரே பிள்ளைதான். ப்ரீபெய்டு வந்ததால பில் செத்துப்போச்சுன்னு நினைக்கிறாங்க. சாகலைங்க, வீடு மாறிடுச்சு. முன்னாடி சிம் கம்பெனி வீட்டுல இருந்துச்சு, இப்ப பேங்க் கணக்குக்குள்ள குடித்தனம் பண்ணுது.

ப்ரீபெய்டும் ஒண்ணும் யோக்கியமா இருக்கலை. நம்மள்ல பாதிப்பேருக்கு ஞாபகம் இருக்கும். நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்ணுவோம். ஏதோ ஒரு பட்டனைத் தெரியாம அமுக்கியிருப்போம். மறுநாள் பார்த்தா காலர் ட்யூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர்னு பேலன்ஸ் கரைஞ்சிருக்கும். அதை நிறுத்தினது எந்த அப்பாவோட பெல்ட்டு? 2013ல டிராய், அதான் போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அரசு ஆணையம், ஒரு உத்தரவு போட்டுச்சு: வாடிக்கையாளர்கிட்ட ரெண்டாவது தடவை சம்மதம் கேட்காம எந்தக் கூடுதல் சேவையையும் தொடங்கக் கூடாது, நிறுத்தணும்னா 155223ன்னு இலவச நம்பர். சட்டத்தோட கை போய்ப் பிடிச்ச இடம் கல்லாப்பெட்டி.

அமெரிக்காவுல மட்டும் என்ன? அங்க அப்போ ஆப்பிள் போன்ல அம்மா ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டா, அடுத்த 15 நிமிஷத்துக்குப் பிள்ளை எத்தனை வாங்கினாலும் மறுபடி கேட்டதில்ல. அம்மாவுக்கு அதைச் சொன்னதும் இல்ல. 2014ல அந்த நாட்டு வணிக ஆணையம் விடலை. பெற்றோருக்குக் குறைஞ்சது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பிக் குடுக்க வைச்சது. அந்த ஊர் அப்பாமார் கண்டிக்கத் தெரியாதவங்களா? 15 நிமிஷக் கதவு ஒண்ணு திறந்து கிடக்குன்னே அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"பிள்ளை வயசைப் பொய்யாப் போட்டா கம்பெனி என்ன செய்யும்?"னு அடுத்து வரப்போற எதிரணித் தம்பி கேட்பார். அவருக்கு ஒரு பழைய கேஸ் சொல்றேன். கல்கத்தாவுல ஒரு மைனர் பையன், 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் வைச்சான். கடன் குடுத்தவருக்காக வேலை பார்த்த ஆளுக்கு அவன் மைனர்னு தெரியும். 1903ல லண்டன் பிரிவி கவுன்சில், அன்னைக்கு நமக்கெல்லாம் மேல இருந்த கோர்ட்டு, தீர்ப்பு சொல்லிச்சு: மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது. 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்னைக்கும் அதேதான். போன் இல்லாத காலத்துல இருந்த பாதுகாப்பு, போன் வந்ததும் எங்க போச்சு? என் மருமகன் ராத்திரி எத்தனை மணிக்கு விளையாடுறான், எந்தத் துப்பாக்கி அவனுக்குப் பிடிக்கும்னு தெரிஞ்ச கம்பெனிக்கு, அவன் மீசை முளைக்காத பையன்ங்கிறது மட்டும் தெரியாதாம். நம்புறவங்க கை தூக்கலாம்.

கண்டிப்பே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. என் தங்கச்சி கண்டிச்சா, நல்லாவே கண்டிச்சா, அக்கம்பக்கமே கேட்டுச்சு. காசு திரும்பலையே! 2024லேயே யூபிஐ சர்க்கிள்னு ஒரு வசதி வந்தாச்சு. பிள்ளை செலவு பண்ணப் போனா, பெரியவங்க தன் பின்னைப் போட்டாத்தான் பணம் நகரும்படி வைச்சுக்கலாம். நல்ல பூட்டு. ஆனா தேடிப் போறவனுக்குத்தான் கிடைக்குது. பூட்டைத் தேடுறது வாங்குறவன் வேலைன்னு வைச்சா, தேடத் தெரியாத வீடுதான் கொள்ளை போகும். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு விக்கிறவன் அந்தப் பூட்டைப் போட்டுட்டுத்தான் கடையைத் திறக்கணும்ங்கிறது எங்க அணி கேக்கிறது.

மணி அடிச்சுட்டாங்க, ஒரே நிமிஷம் நடுவர் அவர்களே. இந்தக் கூத்தெல்லாம் நடந்த மறுவாரம் மருமகப்பிள்ளை தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போய், "அம்மா நோட்டுல எழுதச் சொன்னாங்க"ன்னு ஒரு சாக்லேட் கேட்டிருக்கான். அண்ணாச்சி கல்லாவுல இருந்து எந்திரிக்கலை. போனை எடுத்து என் தங்கச்சிக்கு அடிச்சார்.

"தாயி, பய நாப்பது ரூவாய்க்குச் சாக்லேட் கேக்கான். குடுக்கவா, வேண்டாமா?"

நன்றி, வணக்கம்.