முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கால் ஏன் தடுக்குது?

(திரையில்: வீட்டு நிலைப்படி. அதைத் தாண்டப் போன கால், பெருவிரல் இடித்து நிற்கிறது.)

முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசம் ஆனவங்க பலர் சொல்ற விஷயம் இது: "வலி பரவாயில்ல டாக்டர். ஆனா சமதரையிலேயே கால் தடுக்குது." வீட்டுல இருக்கிறவங்க உடனே "பார்த்து நடங்க"ன்னு சொல்லிடுவாங்க. பார்த்து நடந்தாலும் தடுக்கும். காரணம் முட்டியில இருக்கு.

(திரையில்: பக்கவாட்டில் நடக்கும் உருவம். முட்டி மடங்கும் கோணம் ஒளிர்கிறது.)

பின்னால இருக்கிற காலை முன்னால வீசும்போது முட்டி சுமார் 60 டிகிரி மடங்கணும். அப்படி மடங்கியும், பெருவிரலுக்கும் தரைக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான் கிடைக்கும். முட்டி விறைப்பா இருந்தா அதுவும் போச்சு. மிதியடியோட ஓரமே போதும், தடுக்கிவிட. சிலர் இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமா சுத்திப் போட்டு சமாளிப்பாங்க. களைச்சுப் போனதும் அதுவும் முடியாம கால் இழுபடும்.

தடுக்கினவங்க எல்லாரும் விழுறதில்ல. கால் சட்டுனு ஊன்றித் தாங்கினா தப்பிச்சுடலாம். தாங்க வேண்டியது தொடையோட முன்பக்கத் தசை. ஆபரேஷன் ஆன முதல் மாசத்துல அதோட பலம், முன்னால இருந்ததுல பாதிக்கும் கீழே போயிடுது. தசை மெலியறதை விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு: முட்டி வீங்கி இருக்கிற வரைக்கும் நரம்பு மண்டலம் அந்தத் தசையை முழுசா வேலை செய்ய விடாது. வலி சீக்கிரம் குறையும், பலம் நிதானமாத்தான் வரும். இந்த இடைவெளியிலதான் நிறைய பேர் வாக்கரை மூலையில சாத்திடுறாங்க. வலி இல்லைங்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பிசியோ நடக்க வெச்சுப் பார்த்துச் சொல்லட்டும்.

(திரையில்: இருட்டு அறை. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் வழி.)

கண்ணை மூடினாலும் முட்டி எவ்வளவு மடங்கியிருக்குன்னு நமக்குத் தெரியுது இல்லையா? தேய்மானம் வந்த காலத்துலயே அந்த உணர்வு மங்க ஆரம்பிச்சிருக்கும். பழியை எல்லாம் புது மூட்டு மேல போட முடியாது. குறையற உணர்வைக் கண் ஈடுகட்டுது. இருட்டுல அதுவும் இல்ல. அதோட டிரமடால் மாதிரி வலி மாத்திரை, பிபி மாத்திரை சாப்பிட்டிருந்தா எழுந்ததும் தலை சுத்தலாம். கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எழுந்திருங்க. ராத்திரி விளக்கு எரியட்டும்.

பாத்ரூம் பள்ளத்துல இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதல்ல, ஏறும்போது நல்ல கால் முதல்ல. துண்டு போடுற கம்பியைப் பிடிக்காதீங்க, அது உங்க எடையைத் தாங்காது. சுவத்துல ஆழமா பதிச்ச கைப்பிடி வேணும். நைட்டி, வேட்டி கணுக்காலுக்கு மேல நிக்கட்டும். லூசான ரப்பர் செருப்பு வேண்டாம். அது கழண்டுடாம இருக்க விரலை இறுக்கி, காலை இழுத்துத்தான் நடப்போம்.

(திரையில்: நாற்காலியிலிருந்து எழும் பெண். ஒரு கால் முன்னால் நீண்டிருக்கிறது.)

இந்தப் பழக்கத்தைக் கவனிங்க. எழும்போது ஆபரேஷன் ஆன காலை நீட்டி வெச்சுக்கிட்டு நல்ல கால்லயே எழுந்திருப்பாங்க. அப்படியே விட்டா பலவீனமான கால் பலவீனமாவே இருக்கும். ரெண்டு பாதத்தையும் சமமா உள்ள இழுத்து வெச்சு எழுந்து பழகுங்க. அப்புறம் சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு, முட்டியை நல்லா மடக்கி நின்ன இடத்துலயே நடங்க. எத்தனை தடவைன்னு பிசியோகிட்ட கேட்டுக்கோங்க.

ஒருவேளை விழுந்துட்டா எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், புத்தூர் கட்டும் வேண்டாம். செயற்கை மூட்டுக்குக் கொஞ்சம் மேல தொடை எலும்புல விரிசல் விட்டிருக்கலாம். முட்டி வீங்கினாலோ, ஊன்றினா வலிச்சாலோ, காலை நேரா நீட்டித் தூக்க முடியலைன்னாலோ நடந்து பார்க்காதீங்க. அன்னிக்கே எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் செஞ்ச டாக்டர்கிட்ட காட்டுங்க.