ஜோதி ஏற்கனவே எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு (திருப்பாப்புலியூர்ல பேசினது)

எல்லாருக்கும் வந்தனம். மழை வர்ற மாதிரி இருந்தும் இவ்ளோ பேர் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். நேரா விஷயத்துக்கே போயிடறேன். நம்மள்ல முக்காவாசி பேர் சாமி முன்னாடி நின்னா முதல்ல என்ன சொல்றோம், சாமி நான் பாவி, ஒண்ணுத்துக்கும் உதவாதவன், அப்படித்தானே. பரிட்சையில மார்க் கொறஞ்ச புள்ள அப்படி நெனைக்குது, கல்யாணம் தள்ளிப்போன பொண்ணு அப்படி நெனைக்குது, ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்திருக்கிற பெரியவரும் அதையேதான் நெனைக்கிறாரு. பணிவு வேணும், அதை நான் குறை சொல்லல. ஆனா உள்ள இருக்கிறது ஆண்டவனோட பிரகாசம்னு ஒத்துக்கிட்டு அதே வாயால நான் மட்டம்னு சொன்னா யாரை மட்டம் தட்டுறோம், கொஞ்சம் யோசிங்க.

இதைப் புரிஞ்சுக்க காசி வரைக்கும் போக வேணாம், குறிஞ்சிப்பாடி தாண்டி வடலூர் போனா போதும். வள்ளலார் நம்ம சிதம்பரம் பக்கம் மருதூர்ல 1823ல பொறந்தவரு, 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்னிக்கு சத்திய ஞானசபையில ஜோதி தரிசனத்தை ஆரம்பிச்சு வெச்சாரு. உள்ள சிலை கிடையாது. ஏழு திரை, அதுக்குப் பின்னாடி கண்ணாடியும் ஜோதியும், அவ்ளோதான். முதல் திரை கறுப்பு, அது மாயை. அப்புறம் நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியா எல்லா நிறமும் கலந்த ஒண்ணு. தைப்பூசத்தன்னிக்கு காலைல ஆறு மணிக்கு அந்த மைதானத்துல நின்னிருக்கீங்களா, பனி எறங்கிக்கிட்டு இருக்கும், கிழக்க சூரியன் கிளம்பும் மேற்க நிலா இன்னும் எறங்கியிருக்காது, முன்னாடி நிக்கிறவங்க தலைக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே இருப்போம், கறுப்பு விலகும் நீலம் விலகும், கூட்டத்துல அருட்பெருஞ்ஜோதின்னு சத்தம் கூடிக்கிட்டே போகும், பக்கத்துல அப்பா தோள்மேல உக்காந்திருக்கிற குழந்தைக்குத்தான் நமக்கு முன்னாடி தெரியும். கடைசித் திரையும் விலகுனதும் பளிச்சுன்னு ஜோதி.

இப்ப நான் கேக்கறேன், திரையை இழுத்தவரு விளக்கை ஏத்துனாரா? இல்ல. அது அதுக்கு முன்னாடியே எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. கறுப்புத் திரை மூடியிருந்தப்பவும் அதே அளவுலதான் எரிஞ்சுச்சு, ஒரு பொட்டு கூட கொறையல. என் ஆன்மாவும் உங்க ஆன்மாவும் அப்படித்தான், நாம நல்லவனா மாறுன அன்னிக்கு அது முழுமையாகப் போறது இல்ல, இப்பவே முழுமைதான். கோபமும் பயமும் பொறாமையும் திரை. மாசப் பூசத்துக்கு வடலூர் போறவங்களுக்குத் தெரியும், அன்னிக்கு ஆறு திரைதான் விலக்குவாங்க, ஏழும் விலகறது தைப்பூசத்துக்கு மட்டும். எனக்கு அது ரொம்ப ஆறுதலான விஷயம். ஒரே நாள்ல எல்லாம் விலகலன்னு மனசு ஒடிஞ்சு போறவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

நெய்வேலி பக்கத்துலதான் இருக்கு. 1930கள்ல ஜம்புலிங்க முதலியாரு தன் நிலத்துல தண்ணிக்கு போர் போட்டப்ப கறுப்பா ஏதோ கிளம்புச்சு, அதைத் தொடர்ந்து ஆராய்ச்சி எல்லாம் நடந்து 1956ல நிலக்கரிக் கம்பெனியே வந்துச்சு. நிலக்கரியை யாரும் செஞ்சு உள்ள வைக்கல. மேல இருக்கிற மண்ணை எடுத்தாங்க, அவ்ளோதான். அதுக்கு முன்னாடி அந்த நிலத்துல நடந்து போனவங்களுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது, தெரியாததால அது இல்லாமப் போயிடல.

இந்தக் கண்ணாடி விஷயம் வடலூர்ல மட்டும்தான்னு நெனைக்காதீங்க. வள்ளலாருக்கு முன்னாடியே தெக்க கன்னியாகுமரி பக்கம் சாமித்தோப்புல அய்யா வைகுண்டரோட வழியில கண்ணாடி முன்னாடி, அதுல தெரியற தன் உருவத்தைப் பாத்துதான் கும்பிடறாங்க, தலைப்பாகை கட்டி நிமிந்து நிப்பாங்க, மேல் துணி போடவே உரிமை இல்லாம இருந்த சனம் அது, அவங்க அப்படி நின்னது எவ்ளோ பெரிய விஷயம்! கேரளாவுல நாராயண குரு 1927ல களவங்கோட்டுல கண்ணாடியையே பிரதிஷ்டை பண்ணாரு. நம்ம கிறிஸ்தவ நண்பர்களோட வேதத்துல முதல் அதிகாரத்துலயே தேவன் மனுஷனைத் தன் சாயலா படைச்சாருன்னு இருக்கு. ஊர் வேற, பாஷை வேற, எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்றாங்க.

ஆனா ஒண்ணு. இதைக் கேட்டுட்டு அப்ப நான்தான் கடவுள்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு திரியறவங்களும் இருக்காங்க, அவங்களால வர்ற கெடுதல் நான் பாவின்னு அழறவங்களால வர்றதைவிட ஜாஸ்தி. கண்ணாடிக்கு சொந்தமா வெளிச்சம் கிடையாதுங்க. விளக்குப் பக்கம் இருக்கிற வரைக்கும் பிரகாசம், திரும்பிட்டா வெறும் இருட்டு. நமக்குள்ள இருக்கிற நிறைவு நம்ம சம்பாத்தியம் இல்ல, அதனால பெருமைப்படவும் ஒண்ணும் இல்ல, வெக்கப்படவும் ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஆன்மா குறையில்லாததுன்னா உடம்புக்கு மருந்து வேணாம்னு அர்த்தம் இல்ல. சுகர் மாத்திரையை நிறுத்திட்டு தியானம் பண்றேன்னு யாரும் கிளம்பாதீங்க, ஜிப்மர் பக்கத்துலதான் இருக்கு, முடியலைன்னா போய் காட்டுங்க. உடம்பு நல்லா இருந்தாத்தான் நாலு பேருக்கு நாம உதவ முடியும்.

அந்த நாலு பேர் விஷயம்தான் இன்னிக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது. தர்மசாலை, ஞானசபை, இந்த ரெண்டுல வள்ளலார் எதை முதல்ல ஆரம்பிச்சாரு? தர்மசாலையை, 1867 மே 23ல. பார்வதிபுரத்து சனங்க குடுத்த 80 காணி நிலம், அன்னிக்கு மூட்டுன அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையாம எரியுது. ஞானசபை வந்தது அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு. அதாவது முதல்ல பசிச்சவனுக்கு சோறு, அப்புறம்தான் கண்ணாடி. அவரு ஏதோ தற்செயலா இந்த வரிசையில செஞ்சிருப்பாருன்னு என்னால நம்ப முடியல. எதிர்ல உக்காந்திருக்கிறவன்கிட்ட இருக்கிற ஜோதி கண்ணுக்குத் தெரியலன்னா என்கிட்ட இருக்குன்னு நான் சொல்றதுல என்ன அர்த்தம் இருக்கு?

அங்க தர்மசாலையில ஒரு பெரியவரு சாப்பிடறதைப் பாத்தேன், கை நடுங்குது, சோறு இலைக்கு வெளிய விழுது, பரிமாறிக்கிட்டு வந்த பையன் சாம்பார் வாளியைக் கீழ வெச்சுட்டு அவர் இலையை நேரா நகத்தி வெச்சான், சோத்தைப் பிசைஞ்சு கையில எடுக்கத் தோதா ஓரமா ஒதுக்கிக் குடுத்தான், தாத்தா மெதுவா சாப்பிடுங்கன்னுட்டு அடுத்த இலைக்குப் போயிட்டான். ஊர் பேரு கேக்கல, சாதி கேக்கல. அந்தப் பையன்கிட்ட பிரதிபலிப்பு பத்தி கேட்டா ஒரு வார்த்தை சொல்லத் தெரியாம இருக்கலாம், ஆனா அவன் முன்னாடி இருந்த ஒரு திரை அப்பவே விலகிடுச்சுன்னு நான் முழுசா நம்பறேன்.

முன் வரிசையில அந்த அம்மா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு கேட்டாங்க, எல்லாம் உள்ளயே இருக்குன்னா வீட்ல விளக்கு ஏத்தணுமான்னு. ஏத்துங்கம்மா. ஞானசபையில விளக்கு வைக்கப் போறவங்களுக்கு வள்ளலார் வயசு சொல்லியிருக்காரு, பன்னெண்டுக்குக் கீழ, இல்லன்னா எழுபத்தி ரெண்டுக்கு மேல. ஆசை இன்னும் முளைக்காத புள்ளை, இல்ல ஆசை அடங்குன பெரியவங்க, அப்படின்னுதான் நான் புரிஞ்சுக்கறேன். உங்க பேத்தியை ஏத்தச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல உக்காருங்க. 1873ல மேட்டுக்குப்பத்துல அவரே தன் அறைக்குள்ள இருந்த விளக்கை வெளிய கொண்டாந்து வெச்சு இதை விடாம வழிபடுங்கன்னு சொன்னாரு. பூசத்துக்கு வடலூர் போறவங்க மேட்டுக்குப்பம் கிட்டத்துலதான், அங்கயும் போய் பாத்துட்டு வாங்க. சாப்பாட்டு நேரத்துல தர்மசாலையில பரிமாற ஆள் தேவைப்படும், கேட்டுட்டு நில்லுங்க. பின்னாடி ஒரு ஐயா கை தூக்கறாரு, தம்பி அந்த மைக்கை அவர்கிட்ட குடுப்பா.