ஃப்ரீபிஎஸ்டில ஒருவழியா டெஸ்க்டாப் வந்துடுச்சு!

வணக்கம் மக்களே! தண்டையார்பேட்டைலேர்ந்து நம்ம சேனல். இன்னிக்கு நான் செம குஷி, கூடவே செம கடுப்பு. போன வீடியோல காட்டுனேனே பழைய திங்க்பேட், அதுல ஃப்ரீபிஎஸ்டி போட்டாச்சு. விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இதுவும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். மேல கேடிஈங்கற டெஸ்க்டாப் ஓடுது, பாருங்க, ஜம்முனு இருக்குல்ல?

1993லேர்ந்து வர்ற சிஸ்டம்ப்பா இது. நெட்ஃப்ளிக்ஸ் வீடியோ அனுப்புற சர்வரே இதுலதான் ஓடுது. ஆனா நேரா இன்ஸ்டால் பண்ணி ரீபூட் போட்டா, கருப்பு ஸ்க்ரீன்ல லாகின் கேக்கும், அவ்ளோதான். மவுஸ் பிடிச்சே பழகுன எங்க அத்தை அதைப் பார்த்தா அப்படியே மூடி வச்சுருவாங்க. டெஸ்க்டாப் வேணும்னா நாமளே பிகேஜிங்கற (pkg) சாஃப்ட்வேர் இறக்குற கமாண்ட்ல எக்ஸ்ஆர்க் (ஸ்க்ரீன்ல படம் காட்டுறது), கேடிஈ, எஸ்டிடிஎம் (லாகின் ஸ்க்ரீன்) மூணையும் இறக்கணும். ஆர்சி டாட் கான்ஃப் (rc.conf)ங்கற செட்டிங்ஸ் ஃபைல்ல டிபஸ் (ஆப்ஸ் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற சர்வீஸ்), எஸ்டிடிஎம் ரெண்டுக்கும் YES போடணும். இன்டெல் கிராஃபிக்ஸ்னா டிஆர்எம்-கேமாட் (drm-kmod)ங்கற கிராஃபிக்ஸ் டிரைவர் பேக்கேஜை இறக்கி, அதே ஃபைல்ல பூட் ஆகும்போது ஏத்த வேண்டிய டிரைவர்களோட கேஎல்டி லிஸ்ட்ல (kld_list) ஐ915கேஎம்எஸ் (i915kms) சேர்க்கணும்.

அடுத்து வைஃபை. உள்ள இருந்த கார்டு அடிக்கடி விட்டுப்போகுது, சரி யுஎஸ்பில சொருகுற வைஃபை டாங்கிள் வாங்கலாம்னு வண்ணாரப்பேட்டைல ஒரு கடைக்குப் போனேன். 650 ரூபாயாம்! "என்ன சிப் அண்ணே?"ன்னா, "எல்லாத்துலயும் ஓடும் தம்பி"ங்கறாரு. இந்த பதில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உள்ள இருக்குற சிப்புக்கு ஃப்ரீபிஎஸ்டில டிரைவர் இருந்தாதான் டாங்கிள் ஓடும், நமக்கு சிப்தானே முக்கியம்! பக்கத்துக் கடைல அட்டைமேலயே ஆர்டிஎல்8188இயூன்னு (RTL8188EU) சிப் பேரு போட்டிருந்துச்சு. அதுக்கு ஆர்டிடபிள்யூஎன் (rtwn) டிரைவர் இருக்கு. 350 சொன்னாரு, பேசிப் பேசி 280க்கு முடிச்சேன். 280, மக்களே! சொருகுன உடனே பச்சை லைட்டு. அப்போ ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க!

இருங்க, கிராஃபிக்ஸ்ல ஒண்ணு விட்டுப்போச்சு. உங்க யூசரை 'வீடியோ' (video)ங்கற பெர்மிஷன் குரூப்ல சேர்க்கணும். இல்லன்னா கிராஃபிக்ஸ் முடுக்கம் வேலை செய்யாது, எல்லாம் நத்தை மாதிரி நகரும். தமிழ் கட்டம் கட்டமா தெரிஞ்சா நோட்டோ ஃபான்ட் போடுங்க.

இதெல்லாம் மனுசன் கையால செய்யற வேலையா? ஃப்ரீபிஎஸ்டியை வச்சே செஞ்ச பிசி-பிஎஸ்டி, 2006லேயே கிராஃபிக்கல் இன்ஸ்டாலரோட வந்துச்சு. இப்போ அதே மாதிரி ஃப்ரீபிஎஸ்டியை வச்சு செஞ்ச கோஸ்ட்பிஎஸ்டி அந்த வேலையைப் பண்ணுது, அவசரக்காரங்க தாராளமா அதைப் போடுங்க. ஆனா எனக்கு அசல் ஃப்ரீபிஎஸ்டிலயே வேணும். டிஸ்க்கை எப்படிப் பிரிக்கணும்னு கேக்குற இன்ஸ்டாலர், "டெஸ்க்டாப் வேணுமா?"ன்னும் கேக்கட்டும்.

அதேமாதிரி பிஈசிடிஎல் (bectl)னு ஒரு கமாண்ட் இருக்கு. டிஸ்க்கை இசட்எஃப்எஸ்ங்கற (ZFS) ஃபைல் சிஸ்டத்துல போட்டிருந்தா, அப்டேட்டுக்கு முன்னாடி அந்த கமாண்ட்ல ஒரு பூட் என்விரான்மென்ட், அதாவது இப்போ இருக்குற சிஸ்டத்தோட ஒரு நகல், எடுத்து வைங்க. ஏதாவது புட்டுக்கிச்சுன்னா பூட் மெனுல பழசைத் தேர்ந்தெடுத்து உள்ள வந்துடலாம். இவ்ளோ நல்ல விஷயம் டெர்மினல்லயே கிடக்குது. அதுக்கு டெஸ்க்டாப்ல ஒரு பட்டன் வைங்கப்பா, எங்க அத்தையே அமுக்குவாங்க!